நூலக அலுமாரியில் இருப்பது யாருடைய பொங்கல்?

அலுமாரிச்சாவி (இழையைத் தொடங்கியவர்)
புதன் இரவு

வணக்கம். திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். நூலகமும் என் பொறுப்பு. நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய விஞ்ஞான அறையில் பாதி, மூன்று அலுமாரி, நான்கு வாங்கு, சுற்றினால் சத்தம் போடும் ஒரு மின்விசிறி.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். வழக்கம்போலக் கண்காட்சி வைக்கச் சொல்லிவிட்டார்கள். இந்த முறை பண்டிகைகளும் பண்பாடும் என்று வைப்போம் என நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அலுமாரியைத் துழாவிப் பார்த்தால் பண்டிகை பற்றிய சிறுவர் புத்தகம் பதினொன்று தேறியது. அதில் ஏழு தமிழ்நாட்டில் அச்சானவை. பொங்கல் புத்தகத்தில் போகி, காணும் பொங்கல் என்று நான்கு நாள் கொண்டாட்டம். நவராத்திரிப் புத்தகத்தில் ஒன்பது படிக் கொலு. படங்கள் அழகு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், எங்கட வீட்டில கொலு இல்லையே, அப்ப எங்களுக்கு நவராத்திரி இல்லையா?" என்று கேட்டது.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளை இருக்கும் ஒழுங்கையில் ஒவ்வொரு வருடமும் கும்பம் வைக்கிறார்கள். நவராத்திரி இரவுகளில் உடுக்குச் சத்தத்தைக் கேட்டபடிதான் அது தூங்குகிறது. கும்பம் தூக்கி ஆடிக்கொண்டு வருவதைப் பார்க்கத் தகப்பனின் தோளில் ஏறி இருந்திருக்கும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தில் இல்லாததால் அது கணக்கில் சேராது என்று பிள்ளை தானே முடிவுகட்டிவிட்டது. அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

நம் பக்கத்துப் பண்டிகைகளைச் சொல்லும் சிறுவர் புத்தகங்கள் எங்காவது இருக்கிறதா? இல்லாவிட்டால் என்ன செய்யலாம்? இன்னொன்று, இருப்பதை எப்படி வைப்பது? போன வருடம் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி, பூட்டி, நாடா வெட்டி, படம் எடுத்து, அடுத்த நாள் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தோம். ஒரு பிள்ளையும் ஒரு பக்கம் புரட்டவில்லை. அந்தக் கூத்தை மறுபடி ஆட எனக்கு மனமில்லை.


உப்புவெளிக்காற்று
புதன் இரவு

ரீச்சர், முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆள் நான். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை வகுப்பில் பாடுவோம். புலவர் 1953இல் காலமானவர். அவர் எழுதிய காலத்தில் ஆடிப்பிறப்பு என்றால் பிள்ளைகளுக்கு விடுதலை. பாட்டும் அந்தச் சந்தோசத்தில்தான் தொடங்குகிறது. ஒரு பொடியன் எழும்பி, "சேர், நாளைக்கு விடுதலை எண்டு பாட்டில இருக்கு, ஆனா நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கே?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் வீட்டில் கூழ் காய்ச்சச் சொல்லி ஒரு பானையில் கொண்டுபோனேன். பிலாவிலையைக் கோலிக் குடித்தார்கள். அதன்பிறகு அந்தப் பாட்டை யாருக்கும் நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

புத்தகத்தைத் தேடி அலைவதைவிட ஊரில் இருக்கும் ஆச்சிமாரைப் பிடியுங்கள். அவர்கள் இருக்கும்வரைதான் அந்த வசதி.


தசமப்புள்ளி
வியாழன் காலை

சேர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கூழ் குடித்து முடிந்துவிடும். அலுமாரியில் இருக்கும் புத்தகத்தை அடுத்த வருடத்துப் பிள்ளையும் எடுக்கும். இரண்டும் வேண்டும்.

நான் நூலகராக வேலை செய்கிறேன், அதனால் எனக்குக் கண்ணில் படுவது இலக்கம்தான். நூலகங்கள் புத்தகங்களைப் பாடவாரியாக இலக்கமிடும் டூயி தசம முறைப்படி அடுக்கினால் என்ன நடக்கிறது பாருங்கள். சைவப் பண்டிகை 294.5இன் கீழ் சமயத்துக்குள் போய்விடும். நோன்பும் பெருநாளும் 297. நத்தார் 263இல். பௌத்தரின் வெசாக் 294.3. பொதுவான பண்டிகை, விடுமுறை நாட்களுக்கு 394.26 என்று தனி இடம் இருக்கிறது, நாட்டார் கதைகளுக்கு 398.2. பெரிய நூலகத்தில் இது சரி. மூன்று அலுமாரியும் எட்டு வயதுப் பிள்ளையும் இருக்கும் இடத்தில் இப்படி அடுக்கினால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு அலுமாரிக்கு மட்டும்தான் போகும்.

நான் செய்வது இதுதான். சிறுவர் பகுதியில் பண்டிகைப் புத்தகம் எல்லாவற்றையும் 394.26இல் ஒன்றாக வைத்துவிடுவேன். முதுகில் ஒரு மஞ்சள் ஒட்டு. பிறகு சமயப்படி அல்ல, மாதப்படி அடுக்குவேன். தையில் தொடங்கி மார்கழியில் முடியும். நோன்பு மட்டும் நடந்துகொண்டே இருக்கும், அதை வருடாவருடம் நகர்த்திவைப்பேன். அந்த நகர்த்தலே பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகிவிடுகிறது.

தேடும் இடம் பற்றிக் கேட்டீர்கள். ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் படப்புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறது. பழைய பெட்டிகளில் கிடக்கலாம், ஒருமுறை பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய பாடசாலை மலர்களும் ஊர் மலர்களும் படி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவை சிறுவர் நூல் அல்ல, ஆனால் ஆசிரியருக்கு மூலப்பொருள். கோயில் கும்பாபிஷேக மலர்களில் எங்கள் ஊர் வழக்கங்கள் நிறையவே எழுதப்பட்டிருக்கும். பெரியவர்களுக்குக்கூடக் கண் வலிக்கும் தமிழில், அது வேறு கதை.


கிண்ணியாப்பாதை
வியாழன் மதியம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். ரீச்சர், நீங்கள் சொன்ன கொலுப் பிள்ளையின் கதையை வாசித்ததும் என் மகள் நினைவுக்கு வந்தாள். அவளுடைய பாடசாலை நூலகத்தில் நோன்புப் பெருநாள் பற்றி ஒரே ஒரு புத்தகம். அதில் பாலைவனம், ஒட்டகம், பேரீச்சை மரம். கிண்ணியாவில் எங்கே ஒட்டகம்? பொதுவான பண்டிகைப் புத்தகங்களில் நாங்கள் ஒரு பக்கத்தில் வருவோம். தொப்பி போட்ட ஒரு பிள்ளை பிரியாணித் தட்டோடு சிரிக்கும், அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது என்ன தெரியுமா? அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலடியில் வாளியும் கையுமாகக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள். இருபத்தொன்பதாம் நோன்பு இரவு பிறை தெரிந்ததா இல்லையா என்று வானொலியில் கொழும்புப் பெரிய பள்ளிவாசல் அறிவிப்புக்காக ஊரே காத்திருப்பது, உம்மா வட்டிலாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து வைத்துக்கொண்டு, "நாளைக்கா, நாளண்டைக்கா?" என்று கேட்பது. அது வரட்டும் ஒரு படப்புத்தகத்தில்.

என் பெயரில் உள்ள பாதை என்ன என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் நாங்கள் துறையைக் கடந்தது பாதையில், அதாவது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையில். பெருநாள் உடுப்பு எடுக்கத் திருமலைக்கு (திருகோணமலைதான்) பாதையில் போவதுதான் எங்களுக்குப் பெருநாளின் தொடக்கம். 2000ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு நோன்புப் பெருநாள், டிசம்பரில் இன்னொன்று. ஒரே வருடத்தில் இரண்டு! இரண்டும் மாரியில். நனைந்த உடுப்புப் பையோடு பாதைக்குக் காத்து நின்ற கதையைச் சொன்னால் என் மகள் நம்புவதில்லை. பாலத்தில் போகும் பிள்ளைக்கு அது ஒரு நிமிட வேலை.


மூன்றுபிள்ளைத்தகப்பன்
வியாழன் இரவு

எல்லாம் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பண்டிகையே சரியாகத் தெரியாது. புதுவருடத்துக்குத் தலையில் வைத்து முழுகும் மருத்துநீர் என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள். அந்த நிலையில் எல்லாச் சமயத்தையும் ஒரே தட்டில் வைத்தால் எதுவும் மனதில் நிற்காது. முதலில் நம்முடையது, பிறகு மற்றது. இதைச் சொன்னால் பிற்போக்கு என்பார்கள், சொல்லட்டும்.


தசமப்புள்ளி
வியாழன் இரவு

பிற்போக்கு என்று நான் சொல்லமாட்டேன் அண்ணா. ஆனால் எங்கள் ஊரில் அப்படிப் பிரித்து வைக்க முடியுமா? காலையில் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகும் பிள்ளை வழியில் வெசாக் கூட்டைப் பார்க்கிறது, திரும்பும்போது பாலையூற்று மாதா கோயில் மணியைக் கேட்கிறது. பாலையூற்றில் பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களின் மூத்தவர்கள் வீட்டில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிள்ளை ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. புத்தகம்தான் பிந்திப் போகிறது.


மூன்றுபிள்ளைத்தகப்பன்
வியாழன் இரவு

பார்ப்பது வேறு, தன்னுடையது என்று உணர்வது வேறு. சரி, மருத்துநீர்ப் புத்தகம் ஒன்று செய்யுங்கள், மீதியைப் பிறகு பேசுவோம்.


ஸ்காபரோப்பனி
வெள்ளி அதிகாலை

கனடாவில் இருந்து எழுதுகிறேன், பழைய திருமலைக்காரி. எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் பேசினால் ஒரு பெட்டி புத்தகம் கப்பலில் அனுப்பலாம். இங்கே பல்பண்பாட்டுச் சிறுவர் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். என்ன வேண்டும் என்று பட்டியல் தாருங்கள் தங்கச்சி.


அலுமாரிச்சாவி
வெள்ளி மாலை

அக்கா, கோபிக்க வேண்டாம், மனதில் உள்ளதைச் சொல்கிறேன். முன்பு இப்படி நான்கு பெட்டி வந்தது. யார் அனுப்பியது என்பது இங்கே தேவையில்லை, நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். திறந்தால் பாதி ஆங்கிலப் பாடநூல், மீதி பனிமனிதன், நன்றி நவிலும் நாள், வான்கோழி. நாங்கள் அதைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றினோம். ஏற்றியதைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் கடிதம், குழு, கையெழுத்து. இன்றும் அலுமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது.

உண்மையில் உதவ வேண்டுமென்றால் தடித்த வெள்ளைக் கடதாசியும் நல்ல நிறப்பென்சிலும் வாங்கப் பணம் அனுப்புங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சேரும் கிண்ணியா நானாவும் சொன்னதை வைத்து யோசித்தேன். புத்தகம் இல்லை, ஆனால் புத்தகத்துக்குள் போக வேண்டிய ஆட்கள் எல்லாரும் பாடசாலையிலிருந்து ஒரு மைல் சுற்றளவுக்குள்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளையே செய்ய வைக்கப்போகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம், எட்டுப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி, ஒரு படம். விசயம், வீட்டில் மூத்தவர் ஒருவர் சொன்ன ஒரே ஒரு பண்டிகை நாள். பண்டிகையின் வரலாறோ தத்துவமோ வேண்டாம். அதெல்லாம் சமய பாடத்தில் இருக்கிறது.


ஸ்காபரோப்பனி
வெள்ளி இரவு

கோபமில்லை தங்கச்சி. வான்கோழிக்காக மன்னிப்பு. பணம் அனுப்புகிறேன்.


உப்புவெளிக்காற்று
சனி காலை

ஒரு எச்சரிக்கை ரீச்சர். "பொங்கலைப் பற்றிச் சொல்லுங்கோ ஆச்சி" என்று பிள்ளை போய்க் கேட்டால், ஆச்சி பாடப்புத்தகத்தையே திருப்பிச் சொல்லுவா. உழவர் திருநாள், சூரியனுக்கு நன்றி, முற்றும். கேள்வியை மாற்றிக் கொடுங்கள். "உங்கட சின்ன வயசில பொங்கல் அண்டைக்கு வீட்டில ஆர் முதலில எழும்புவினம்?" "ஆருக்கு அடி விழுந்தது?" "எது பிழைச்சுப் போச்சு?" இப்படிக் கேட்டால் ஆச்சி வாயை மூடமாட்டா.


வெருகலாறு
சனி மதியம்

சேரின் கேள்வி பிடித்திருக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. வெருகல், மூதூர்ப் பக்கத்தில் வேடர் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்தான் பேசுகிறார்கள், பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்குப் பெரியநாள் என்றால் அவர்களுடைய சடங்குதான். வகுப்பில் "உங்கள் வீட்டுப் பண்டிகை" என்று எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளை தீபாவளி என்று எழுதும். ஏன் என்று கேட்டேன். "சடங்கு எண்டு எழுதினா சிரிப்பினம்." நான் படிப்பித்த வகுப்பில் நடந்தது. பட்டியலில் இருந்து தெரிவுசெய்யச் சொல்லாதீர்கள். "உங்கள் வீட்டில் எல்லாரும் புது உடுப்பு உடுக்கும் நாள் எது?" என்று மட்டும் கேளுங்கள்.


கடைக்குட்டி
சனி மாலை

வேறு ஒரு சிக்கல். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு, கன்னியா வெந்நீர்க் கிணறு இதையெல்லாம் எப்படிச் சொல்லப்போகிறீர்கள்? தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு கிணறு வந்தது என்று பிள்ளை எழுதும். அதை நூலகத்தில் வைத்தால் அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை அதை வரலாறு என்று எடுத்துப் பேசும். பெரியவர்களே கதைக்கும் வரலாற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் அடிபடுகிற நாடு இது.


தசமப்புள்ளி
சனி இரவு

இதற்குத்தான் 398.2 இருக்கிறது தம்பி! சும்மா சொன்னேன். ஆனால் விசயம் அதுதான். "என்ட அப்பப்பா சொன்ன கதை" என்று தொடங்கினால் அது கதை. அப்பப்பா சொன்னது என்பது உண்மை, இராவணன் குத்தினது என்பது கதை, இரண்டும் ஒரே வரியில் சமாதானமாக இருக்கும். ஆடி அமாவாசைக்குக் கன்னியாவில் பிதிர்க்கடன் செய்ய ஏன் சனம் போகிறது என்பது அந்தக் கதை இல்லாமல் பிள்ளைக்கு விளங்காது.

வரலாறு வேண்டுமென்றால் அதற்கும் ஊரிலேயே கல் இருக்கிறது. கோட்டை வாசலில் இரண்டு மீன் செதுக்கிய கல்லும் அதன் பக்கத்தில் எழுத்தும். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டு அது. அந்த வாசலால்தான் சிவராத்திரிக்குப் பிறகு சுவாமி நகர்வலம் வருகிறார். நிறைகுடம் வைத்து, வாசலில் கோலம் போட்டு நாங்கள் காத்திருப்போம். எத்தனை பிள்ளை அந்த மீனைப் பார்த்திருக்கும்? கோட்டைக்குள் உள்ள மான்களைத்தான் பார்ப்பார்கள்.


கடைக்குட்டி
சனி இரவு

நானும் மானைத்தான் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக.


அலுமாரிச்சாவி
மூன்று கிழமைக்குப் பிறகு

எல்லாருக்கும் நன்றி. இடையில் எழுத நேரம் கிடைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நல்லது கெட்டது இரண்டும்.

முப்பத்தொரு பிள்ளைகள் தொடங்கினார்கள், இருபத்திரண்டு புத்தகம் முடிந்தது. ஒன்பது பிள்ளைகள் பாதியில் விட்டார்கள். நான் துரத்தவில்லை. சேரின் கேள்விகள் மந்திரம்போல வேலை செய்தன. "எது பிழைச்சுப் போச்சு" என்பதுதான் முதலிடம். பயற்றம் பணியாரத்துக்குப் பதில் கல் சுட்ட ஒரு ஆச்சி, போர்த்தேங்காய் அடியில் தோற்று மூன்று நாள் தம்பியோடு பேசாத ஒரு தாத்தா, பெருநாளுக்கு முதல் நாள் உடுப்பைத் தைத்துத் தராமல் கடையைப் பூட்டிக்கொண்டு போன தையல்காரர். நானா, உங்கள் பாதைக் கதையை என் வகுப்பில் வாசித்தேன். எங்கள் பாடசாலையில் படிக்கும் இரண்டு கிண்ணியாப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து, மூத்தம்மா ஒருவர் பாதையில் வட்டிலாப்பச் சட்டியைக் கவிழ்த்த கதையைப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். ஒட்டகம் இல்லை. மீன் மட்டும் வட்டிலாப்பம் சாப்பிடுகிறது.

மருத்துநீர்ப் புத்தகமும் இருக்கிறது, மூன்றுபிள்ளைத்தகப்பன் அண்ணாவுக்காகச் சொல்கிறேன். ஆனால் அதில் பெரிய சண்டை. தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று இரண்டு வீட்டில் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் அடிபடாத குறை. பஞ்சாங்கத்தில் வருடத்துக்கு வருடம் இலை மாறும், இரண்டு ஆச்சியும் வேறு வேறு வருடத்தைச் சொல்லியிருப்பார்கள் என்று சமாதானம் செய்தேன். கடைசியில் இரண்டையும் போட்டார்கள், இடப்பக்கத்தில் ஒரு ஆச்சி, வலப்பக்கத்தில் மற்ற ஆச்சி.

கொலு இல்லையே என்று கேட்ட பிள்ளை கும்பம் பற்றிச் செய்தது. எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கம் கறுப்பு. இரவாம். நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு, பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் கும்பம். எழுத்து என்றால் உடுக்குச் சத்தம் மட்டும்தான். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

இப்போது சொல்ல வேண்டிய விசயத்துக்கு வருகிறேன்.

ஒரு பிள்ளையின் அம்மம்மா சம்பூர்க்காரி. 2006இல் போரால் இடம்பெயர்ந்து பிறகு கிளிவெட்டி முகாமில் நெடுங்காலம் இருந்தவர். "எந்தப் பொங்கல் நினைவிருக்கு?" என்று பிள்ளை கேட்டிருக்கிறது. அவர் ஊரில் பொங்கிய பெரிய பொங்கலைச் சொல்லவில்லை. முகாமில் பானை இல்லாமல் பால்மா வந்த தகரப் பேணியில் பொங்கிய பொங்கலைச் சொல்லியிருக்கிறார். மூன்று கல், ஒரு பேணி, நிவாரண அரிசி, பக்கத்துக் கொட்டிலில் வாங்கிய சீனி. பிள்ளை முதலில் படத்தில் அழகான மண்பானை வரைந்து, கோலமும் கரும்பும் போட்டு வைத்திருந்தது. அம்மம்மா பார்த்துவிட்டு, "இது ஆற்ற பொங்கல்? பேணியைக் கீறு" என்று சொல்லி அழிக்க வைத்திருக்கிறார். அழித்த தடம் இன்னும் தெரிகிறது. பானையின் நிழலில் பேணி நிற்கிறது.

பாடசாலையில் இது கொஞ்சம் பேச்சானது. பண்டிகைக் கண்காட்சிக்கு இது வேண்டுமா, பிள்ளைகளின் மனம் நோகாதா, வருகிற விருந்தினர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. எனக்கும் ஒரு நிமிடம் தயக்கம் வந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு புத்தகத்தைத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு அழுகையும் இல்லை. பேணி சின்னது என்பதால் ஏழு தரம் பொங்கினார்கள், ஏழு தரமும் பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள், அதனால் அந்த வருடம் ஏழு பொங்கல். இதுதான் கதை. வைத்தேன்.

இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவில்லை. வாங்குகளில் பரப்பிவைத்தோம், தசமப்புள்ளி அண்ணா சொன்னதுபோல மாத வரிசையில். தமிழ்நாட்டுப் புத்தகங்களையும் அதனோடு சேர்த்தே வைத்தேன். கொலுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கும்பம். பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கொலுவும் இப்போது அவர்களுக்குச் சுவாரசியமாகிவிட்டது, "அங்க இப்பிடியாம்" என்று.


வெருகலாறு
அன்றே

சடங்கு பற்றி யாராவது எழுதினார்களா?


அலுமாரிச்சாவி
அன்றே

எங்கள் பாடசாலையில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை அண்ணா. இருந்தும் சொல்லாமல் இருக்கலாம். புது உடுப்புக் கேள்வியைத்தான் கேட்டேன். நீங்கள் உங்கள் பக்கத்தில் ஒன்று செய்ய வைத்து அனுப்பினால் இங்கே பதிவேட்டில் ஏற்றுவேன்.


வெருகலாறு
அன்றே

கேட்டுப் பார்க்கிறேன். முதலில் பெரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், சிலதைப் படமாகக் கீற விடமாட்டார்கள். அதுவும் நியாயம்தான்.


தசமப்புள்ளி
அடுத்த நாள்

ரீச்சர், பதிவேட்டில் ஏற்றுவேன் என்றீர்களே, இந்த இருபத்திரண்டையும் ஏற்றிவிட்டீர்களா? ஏற்றுங்கள். தொடரிலக்கம், முத்திரை, கடன் அட்டை எல்லாம். இல்லாவிட்டால் வருட முடிவில் யாராவது மட்டை வேலை என்று கட்டி மேலே போட்டுவிடுவார்கள்.

எப்படிக் கட்டினீர்கள்? கம்பிப் பின் அடித்திருந்தால் கழற்றுங்கள். எங்கள் கடற்காற்றுக்கு ஒரு மாரியில் துருப்பிடித்துக் கடதாசியைத் தின்றுவிடும். நூலால் தையுங்கள். நடு மடிப்பில் ஐந்து துளை போதும், நடுத்துளையில் தொடங்கி அங்கேயே முடிச்சுப் போடுங்கள். பிளாஸ்டிக் தகடு ஒட்டிப் பளபளப்பாக்கச் சொல்லுவார்கள், வேண்டாம். ஈரம் உள்ளே போனால் வெளியே வராது, பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியில் பூச்சி உருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலை வையுங்கள், பிள்ளைகள் கை வைக்கும் இடம்.


அலுமாரிச்சாவி
அடுத்த நாள்

பின்தான் அடித்தேன். இன்று முழுக்கக் கழற்றினேன், விரல் எல்லாம் புண். தைக்கத் தெரிந்த இரண்டு அம்மாமார் நாளை வருகிறார்கள்.

பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். "நூலாசிரியர்" என்ற நிரலில் பிள்ளையின் பெயரும் ஆச்சியின் பெயரும் எழுதினேன். பதிவேட்டைக் காட்டச் சொல்லி ஒவ்வொரு இடைவேளையும் கூட்டம், தங்கள் பெயரைத் தொட்டுப் பார்க்க.


மூன்றுபிள்ளைத்தகப்பன்
அடுத்த நாள்

என் கடைசி மகன் உங்கள் பாடசாலைதான் ரீச்சர், இப்போதுதான் கண்டுபிடித்தேன். நேற்று வீட்டுக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்தான். மருத்துநீர் இல்லை, மீன் வட்டிலாப்பம் தின்கிற புத்தகம். மூன்று தரம் வாசிக்க வைத்தான். பிறகு, "அப்பா, வட்டிலாப்பம் எப்ப செய்வம்?" என்றான். மனைவிக்குச் செய்முறை தெரியாது. நானா, உங்கள் வீட்டில் கேட்டு எழுதுவீர்களா?


கிண்ணியாப்பாதை
அடுத்த நாள்

முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம். அளவு உம்மா கையில்தான் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன் தம்பி. அவசரமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இப்போதுதான் பாலம் இருக்கிறதே.


ஸ்காபரோப்பனி
இரண்டு நாள் கழித்து

தங்கச்சி, பேணிப் பொங்கல் புத்தகத்தின் படங்களை இங்கே போடுவீர்களா? எங்கள் சங்கத்தில் காட்ட வேண்டும். இங்கே ஒரு அம்மா வாசித்துவிட்டு, தாங்களும் ஒருமுறை பேணியில் பொங்கியதாகச் சொன்னார். இதுவரை அதை யாரிடமும் சொல்லியதில்லையாம்.


அலுமாரிச்சாவி
இரண்டு நாள் கழித்து

அம்மம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன் அக்கா. ஆனால் இப்போது முடியாது, புத்தகம் வெளியே போயிருக்கிறது. வந்ததில் இருந்து அலுமாரியில் ஒரு இரவுகூட நின்றதில்லை. அடுத்து எடுக்க ஐந்து பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், ஆறாவது பெயர் எங்கள் அலுவலக உதவியாளருடையது.